உப்பில்லாத வெண்ணெய்

கண்ணாடிக் கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கிறது, மூடினால் என் முகமே அதில் தெரிகிறது, அதனால் திறந்தே பிடித்திருக்கிறேன். மணி இரண்டு பத்து. நான்கு மணிக்கு அண்ணா நகரில் அந்தப் புதுக் கடையின் சமையற்கட்டில் நிற்க வேண்டும், கையில் வெண்ணெயோடு. மாவு அவர்களுடையது, உப்பு அவர்களுடையது, பளிங்கு மேசை, உருட்டுக்கட்டை, அடுப்பு எல்லாம் அவர்களுடையது. வெண்ணெய் மட்டும் நீங்களே வாங்கி வாருங்கள் என்று அந்தப் பாண்டிச்சேரி செஃப் அம்மா சொல்லிவிட்டாள். "நீங்க சுடுறத அப்பறம் பாக்குறேன். மொதல்ல எத வாங்கிட்டு வர்றீங்கன்னு பாக்கணும்." கதையில் வரும் ராஜா மாதிரிப் பரீட்சை. ராஜாவாவது பெண்ணைக் கொடுப்பான், பாதி ராஜ்யத்தைக் கொடுப்பான். இந்தம்மா கொடுக்கப்போவது ஒரு வேலை. ஏசி போட்ட சமையற்கட்டு, வாரத்தில் ஒரு நாள் லீவு, நெஞ்சில் பேர் தைத்த வெள்ளைச் சட்டை. ஒரே ஒரு சட்டை. வரச்சொல்லியிருப்பது இரண்டு பேரை. தவசி என்கிற என்னை, அப்புறம் அமல்தாஸை. பாக்கியம் அண்ணாச்சியின் பேக்கரியில் ஏழு வருஷமாக ஒரே மேசையில் எதிரெதிரே நின்று பப்ஸ் போடுகிறவர்கள் நாங்கள். அந்தம்மா ஒரு சாயங்காலம் வந்து முட்டை பப்ஸ் தின்றுவிட்டு, மடிப்பை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று கேட்டாள். கல்லாவில் இருந்த அண்ணாச்சிக்குக் கேட்காத தூரத்தில், மெதுவாகத்தான் கேட்டாள். அமல் என்னைக் கைகாட்டினான். நான் அவனைக் காட்டவில்லை. அவளாகத்தான் "ரெண்டு பேருமே வாங்க" என்றாள். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். வெண்ணெயைப் பார்க்க வந்தவன் வெண்ணெயைப் பார்க்க வேண்டும்.

நான்கு வகை இருக்கிறது. மேல்தட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கிற மஞ்சள், உப்புப் போட்டது, ரொட்டியில் தடவுகிறது. அதற்குப் பக்கத்தில் அதே கம்பெனியின் உப்புப் போடாதது, ஆனால் தேதி பழசு, அட்டை ஓரம் எண்ணெய் இறங்கியிருக்கிறது, யாரோ வெளியே வைத்து மறுபடி உள்ளே வைத்திருக்கிறார்கள். கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் கவரில் வெள்ளை வெண்ணெய், உருண்டை உருண்டையாக, கவருக்குள்ளேயே தண்ணீர் நெளிகிறது. கடைசியாக மூலையில் வெள்ளித்தாள் சுற்றிய வெளிநாட்டுக் கட்டி. உப்பில்லை, தண்ணீர் கொஞ்சம்தான், கொழுப்பு நூற்றுக்கு எண்பத்திரண்டு. மூன்று வாரமாக ராத்திரி பகலாக போனில் பார்த்துப் பார்த்து எனக்கு இது மனப்பாடம். நல்ல வெண்ணெய் குளிரில் இருந்து எடுத்தாலும் வளைய வேண்டும், ஒடியக்கூடாது. மாவும் வெண்ணெயும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து நீளும். வெண்ணெய் கெட்டியானால் மாவைக் கிழிக்கும், இளகினால் மாவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் மடிப்பு என்று ஒன்று இருக்காது. வெள்ளித்தாள் கட்டியைக் கட்டைவிரலால் அழுத்துகிறேன். பள்ளம் விழுகிறது, விளிம்பு வெடிக்கவில்லை. இதுதான். இரண்டு கட்டிதான் இருக்கிறது, அரைக் கிலோ அரைக் கிலோவாக. எனக்கு ஒன்று, அமலுக்கு ஒன்று, சொல்லிவைத்த மாதிரி. எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதானே. ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, இன்னொன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். விரல் மரத்துப்போகிறது.

அமல் சொன்னதுதான் காதில் ஓடுகிறது. மத்தியானம், கையெல்லாம் மைதா, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு: "மாப்ள, நீ போயி ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கிரு. இந்த வெண்ணெய்ப் பஞ்சாயத்தெல்லாம் எனக்குத் தெரியாதுடா. நீ எதக் குடுக்குறியோ அத வச்சு உருட்டுறேன். ரெண்டு மணி டிரேய நான் எறக்கிட்டு நேரா அங்க வந்துர்றேன்." உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. எனக்கும் மூன்று வாரத்துக்கு முன்னால் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் வெண்ணெய் வைத்து ஒரு பப்ஸ் போட்டதில்லை. போர்டில் 'பட்டர் பப்ஸ்' என்று எழுதியிருக்கும், உள்ளே மார்ஜரின், எண்ணெயைக் கெட்டியாக்கின போலி வெண்ணெய். மஞ்சள் சாயம் போட்ட செங்கல் மாதிரி அட்டைப்பெட்டியில் வரும். சித்திரை வெயிலுக்கும் அசையாது. வாயில் போட்டாலும் அசையாது, அண்ணாக்கில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு டீ குடிக்கும்வரை இறங்காது. மார்ஜரினுக்குப் பழகின கை முரட்டுக் கை. அடித்து, தட்டி, உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து வழிக்குக் கொண்டுவரும். மார்கழியில் அதுவும் முறைத்தால் அடுப்பு மேலே ஐந்து நிமிஷம் தூக்கிவைக்கிற பழக்கம். வெண்ணெயிடம் அந்தக் கையைக் காட்டினால் தீர்ந்தது. அமல் காட்டுவான். இந்த வெள்ளித்தாளையே கொடுத்தாலும் அவன் கை அதைக் கெடுத்துவிடக்கூடும். அப்படியென்றால் எதைக் கொடுத்தால் என்ன. இல்லை, அது பொய். அவன் கை கெடுக்காது. நாலு நிமிஷம் பார்த்தான் என்றால் பிடித்துக்கொள்வான், அது எனக்குத் தெரியும், ஏழு வருஷம் எதிரே நின்றவனுக்குத் தெரியாதா. அதனால்தான் கீழ்த்தட்டைப் பார்க்கிறேன்.

"அண்ணே, கதவ மூடிட்டு யோசிங்க, கூலிங் பூரா போகுது." நீலக் கோட்டுப் போட்ட கடைக்காரப் பெண், கையில் விலை ஒட்டுகிற மிஷின். மூடுகிறேன். கண்ணாடியில் என் முகம். "எதுக்குண்ணே வெண்ண? கொழந்தைக்கா, கோயிலுக்கா?" நான் கண்ணாடி வழியே கீழ்த்தட்டையே பார்க்கிறேன். "ஆஞ்சநேயருக்குச் சாத்தவா இருந்தா அந்த வெள்ள எடுத்துக்கங்க. சனிக்கெழம ஒரே நாள்ல முப்பது கவர் போச்சு. சுத்தமான எருமப்பாலு, ஒண்ணும் கலக்கல." சுத்தம். ஆமாம், சுத்தம்தான். ஆஞ்சநேயர் மேல் அப்பினால் நிற்கும், மடிப்புக்குள் வைத்தால் நிற்காது. குளிர வைத்தால் உதிர்ந்த சுண்ணாம்புக் காரை மாதிரிப் பொடிப்பொடியாக ஒடியும், வெளியே எடுத்தால் தண்ணீர் விடும், மாவு கூழாகி உருட்டுக்கட்டையில் ஏறும், அடுப்பில் வைத்தால் உப்பாமல் உட்கார்ந்துகொள்ளும், நெய் வாசனை மட்டும் நாலு தெருவுக்கு அடிக்கும். தெரியாதவனுக்கு அதைப் பார்த்தால் மரியாதை வரும். அமலுக்கு வரும். கவரைக் கையில் வாங்கி, "வீட்டு வெண்ண மாதிரியே இருக்குல்லடா" என்பான். எனக்கு வெள்ளித்தாள், அவனுக்கு வெள்ளை. எதற்கு இப்படி என்று கேட்கமாட்டான். கேட்டால், ஒன்றுதான் இருந்தது மாப்ள, இருந்ததில் சுத்தமானதை உனக்கு எடுத்தேன் என்று சொல்லலாம். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, எங்கேயோ ஏற்கெனவே பிசைந்துவைத்த மாதிரி.

என்ன தப்பு அதில். என் இடத்தை அவன் எடுத்துக்கொண்டவன்தானே. பேக்கரியில் அவனைவிட நாலு மாசம் நான் மூத்தவன். மேசைக்குத் தலையாக நிற்கவேண்டியவன் நான், உருட்டின மாவு ஷீட்டை வெட்டுகிற கத்தி என் கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாசம் அண்ணாச்சி அந்தக் கத்தியை அவன் கையில் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் அம்மா கேட்டாள், "நீதானடா அங்க மொதல்ல சேந்தவன்?" நான் சொன்னேன், "அவன் அண்ணாச்சியக் கைக்குள்ள போட்டுக்கிட்டாம்மா." அதிலிருந்து அம்மா அவனுக்குச் சிரித்த முகம் காட்டியதில்லை. கிறிஸ்மஸுக்கு கேக் எடுத்துக்கொண்டு வருவான், அம்மா வாங்கி, தட்டில் வைக்காமல் அப்படியே டிவி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து விளம்பரம் பார்த்துவிட்டு, "வர்றேம்மா" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான். எதற்கு இந்த முகம் என்று ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காதவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்றுதானே அர்த்தம். எடுத்துக்கொண்டவனுக்குத் தெரியும்.

எடுத்துக்கொண்டான் என்றா சொல்வது. சரி, நடந்தது நடந்தபடி. மார்கழி, காலை ஐந்தரை, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நானூறு பப்ஸ். குளிரில் மார்ஜரின் கல்லாகக் கிடந்தது. அடுப்பு மேலே வைத்த கட்டி இளகி, இளகினது தெரியாமல் அவசரத்தில் அதையே மாவில் வைத்து உருட்டி, நானூறும் உப்பாமல் எண்ணெய்க்குள் உட்கார்ந்துவிட்டது. டிரேயைச் சாய்த்தால் எண்ணெய் ஓரமாக ஓடிவந்து நின்றது. அண்ணாச்சி ஒரு டிரேயைக் காலால் எத்தினார். நாங்கள் ஏழு பேர் சுவரோடு நின்றோம். "எவன்டா அடுப்பு மேல வச்சது? வாயில என்ன மாவா? சொல்லுங்கடா!" அமல் சொன்னான், "நாந்தான் அண்ணாச்சி." அவ்வளவுதான். அவனேதான் சொன்னான். கன்னத்தில் ஒன்று விழுந்தது, ஒரு மாசம் டிரே கழுவினான், சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்து விரல் வெடித்துப்போனது. தை பிறந்ததும் அண்ணாச்சி எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "ஏழு தடிமாடுக நிக்கிது, ஒருத்தனுக்குத்தான் நடந்ததச் சொல்ல நெஞ்சு இருந்துச்சு. பொறுப்ப அவன் கையிலதான் குடுப்பேன்." கத்தியைக் கொடுத்தார். தப்புப் பண்ணினவனுக்குப் பரிசு. நான் அன்றைக்குச் சுவரோடு நின்று அதைத்தான் நினைத்தேன், தப்புப் பண்ணினவனுக்குப் பரிசு என்று. இரண்டு வருஷமாக அதே வாக்கியத்தை நினைத்து நினைத்து, அதன் ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

மறுபடி கதவைத் திறந்திருக்கிறேன். குளிர் கையில் ஏறுகிறது. அன்றைக்கும் கை இப்படித்தான் விறைத்திருந்தது. மெழுகுத்தாளைப் பிரித்தபோது நகக்கண்ணில் ஒட்டினது, வனஸ்பதி வாசனை, கட்டியைத் தூக்கி அடுப்பின் தகரத் தலையில் வைத்தபோது டங்கென்று ஒரு சத்தம். கை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அமலுடைய கை இல்லை. என் கை. ஐந்து நிமிஷம் என்று வைத்துவிட்டு, வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பார்த்தேன் என்றுகூட ஞாபகமில்லை, அவ்வளவு ஒன்றுமில்லாததைப் பார்த்தேன். திரும்பி வந்து, மேலே தொட்டுக்கூடப் பார்க்காமல் மாவில் வைத்து மூடினேன். டங்கென்ற சத்தத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தது அமல். அவன் பார்த்தான். அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். சுவரோடு நிற்கும்போது என் வாய் திறக்கும் திறக்கும் என்று அவன் காத்திருந்தான், அதுவும் எனக்குத் தெரியும், அவன் மூச்சு என் தோளுக்குப் பக்கத்தில் நின்று நின்று வந்தது. அப்புறம்தான் நாந்தான் அண்ணாச்சி என்றான். அந்த ஒரு வாரம் எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார், வேலை போனால் நாங்கள் தெருவில் நிற்போம் என்று அவனுக்குத் தெரியும். அதற்காகச் சொல்லியிருப்பான். நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருக்கலாம். டிரே கழுவும்போது, விரல் வெடித்து ரத்தம் வந்தபோது, உன்னாலதான்டா நாயே என்று ஒரு வார்த்தை. நானும் திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன், யார் உன்னைச் சொல்லச்சொன்னது என்று கத்தியிருப்பேன், சட்டையைப் பிடித்திருப்போம், யாராவது விலக்கியிருப்பார்கள், சாயங்காலம் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்திருப்போம், முடிந்திருக்கும். அவன் ஒன்றுமே சொல்லாமல் எனக்கு எதிரே நின்று ஏழு வருஷத்து அதே முகத்தோடு மாவை நீட்டினான். டிவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வர்றேம்மா என்றான். நல்லவனுக்கு எதிரே நின்று வேலை பார்ப்பது மாதிரி ஒரு தண்டனை எந்த முதலாளியாலும் கொடுக்க முடியாது. அவன் நல்லவனாக இருந்து இருந்து என்னை இப்படி ஆக்கிவிட்டான் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அவன் இல்லாத ஒரு மேசைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். என் கையை மட்டும் பார்த்து, இது தவசி கை என்று சொல்கிற ஒரு இடம். அங்கே போக ஒரு கவர் வெள்ளை வெண்ணெய் போதும் என்றால் போதும். குனிந்து எடுத்துவிட்டேன். கூடையில் வெள்ளித்தாளுக்குப் பக்கத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே தண்ணீர் மெதுவாக நகர்ந்து நிற்கிறது. இன்னொரு வெள்ளித்தாள் மூலையிலேயே இருக்கிறது. இருக்கட்டும். கதவை மூடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பில் போடுகிற இடத்தில் மூன்று பேர். முன்னால் நிற்கிற அம்மாவின் கூடையில் சோப்பு, அப்பளம், சேமியா. சட்டைப்பையில் போன் அதிர்கிறது. அமல். எடுக்கும்போதே கூடையை முதுகுப்பக்கம் நகர்த்துகிறேன், அவன் இந்தக் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி.

"மாப்ள, வாங்கிட்டியா?"

"வரிசைல நிக்கிறேன்."

"எனக்கு வாங்காத. வாங்கியிருந்தா திருப்பி வச்சிரு."

"ஏன்டா?"

"நான் வரலடா." பின்னால் டிரே உரசுகிற சத்தம், யாரோ மிளகாய்ப் பொடி எங்கே என்று கத்துகிறார்கள். "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னுட்டா அண்ணாச்சி கடைய இழுத்து மூடணும். வயசாயிருச்சு மனுசனுக்கு. அதுவும் இல்லாம எனக்கு இது போதும்டா. அந்த அம்மாக்குப் போன் பண்ணிட்டேன். தவசி மட்டும் வருவான், நீங்க பிரிச்சுப் பாத்த பப்ஸு அவன் போட்டதுதான்னு சொல்லிட்டேன்."

"உன்னய யாரு சொல்லச் சொன்னா?"

அவன் சிரித்தான். "போடா லூசு. நீ நல்லா உருட்டு. நீ ரொம்ப நாளா அங்க போகணும்னு நெனைக்கிறது எனக்குத் தெரியாதா? மூணு வாரமா போனுக்குள்ளயே கெடக்க. போயிட்டு வந்து சொல்லு, வீட்ல அம்மாட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு." வைத்துவிட்டான்.

கேட்டேன் யாரு சொல்லச் சொன்னா என்று. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறேன், அவனுக்கு அது எதற்கான கேள்வி என்றே தெரியவில்லை, அல்லது தெரிந்து சிரித்தான், எது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. வரிசை நகர்கிறது. அப்பள அம்மா பையை விரிக்கிறாள். வேலை எனக்குத்தான். போட்டிக்கு ஆளே இல்லை. வெள்ளித்தாளை எடுத்துக்கொண்டு போய், மாவை விரித்து, வெண்ணெயைச் சதுரமாகத் தட்டி, மூன்று மடிப்பு, குளிரில் வைத்து, மறுபடி மூன்று. என் கைக்கு அது வரும், இப்போதே விரலில் அதன் மெத்தென்ற நீளம் தெரிகிறது, அடுப்புக்குள் இலை இலையாக எழுந்து நிற்பதும் தெரிகிறது. செஃப் அம்மா பிரித்துப் பார்ப்பாள். சட்டையைக் கொடுப்பாள். நெஞ்சில் என் பேர் தைத்திருக்கும். அது அமல் கொடுத்த சட்டை. குளிக்கும்போது கழற்றினாலும் அது அமல் கொடுத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தால் அது அமல் எடுத்த புடவை, அவள் அதைக் கட்டிக்கொண்டு அவனுக்கு முகம் திருப்புவாள். அந்த ஏசி அறையில், அவன் இல்லாத மேசையில், எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் அவன் நின்றுகொண்டே இருப்பான், முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. நான் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக இருந்ததை அவன் பிடுங்கவிடாமல் கையில் கொடுத்துவிட்டான். கெட்டவனாக இருக்கக்கூட எனக்கு ஓர் இடம் விட்டுவைக்கவில்லை.

"வைங்கண்ணே." பில் போடுகிற பெண். கூடையைத் தூக்கி வைக்கிறேன். அவள் இரண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள், வெள்ளித்தாளை மிஷினுக்கு நேரே பிடிக்கப்போகிறாள்.

"அது வேணாம்," என்கிறேன். என் குரல் எனக்கே மெதுவாகத்தான் கேட்கிறது.

"எது, இந்த பாரின் வெண்ணயா? ரெண்டும் எடுத்திருக்கீங்களே."

"அது வேணாம். வெள்ள மட்டும் போதும்."

அவள் வெள்ளித்தாளை நாற்காலிக்குப் பின்னால், வேண்டாமென்று விட்டுப்போன பொருள்கள் கிடக்கிற தட்டில் போடுகிறாள், ஒரு பிளாஸ்டிக் வாளிக்கும் பிரஷ் பாக்கெட்டுக்கும் நடுவில். இன்னும் கையை நீட்டி எடுத்துவிடலாம். மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்குள் இந்த வெயிலில் கவருக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பளிங்கு மேசையில் அதை வைத்ததும் அந்தம்மா என் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பாள் என்றும் தெரியும். ஆனால் இது நானாக எடுத்தது. யாரும் கொடுத்ததில்லை.

"கோயிலுக்காண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கவரைத் தூக்கியவள், கையை உதறுகிறாள். "அய்ய, ஓட்டையா இருக்கு, தண்ணியா வடியுது. வேற மாத்தித் தரச்சொல்லவா?"

"இல்லம்மா," என்கிறேன். "அதையே குடுங்க."